பிழையோடு வாசித்த ஜாஸ்

திகன ஊருக்குப் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் ஓர் அக்காவும் தம்பியும் இருந்தார்கள். தம்பி ஹோட்டலொன்றில் பியானோ வாசிப்பவன் என்பது பேச்சில் தெரிந்தது.

“அவரு விட்ட பிழையையும் சேர்த்தே வாசிச்சிருக்கேன்க்கா.”

“யாரு?”

“ஒரு ஜாஸ் பியானோ ரெக்கோர்டிங்க போன்ல மெதுவா ஓடவிட்டு, கேட்டுக் கேட்டு எழுதிப் பழகினேன்ல. நேத்து ஹோட்டல்ல அத வாசிச்சிட்டு, நானே அப்பவே யோசிச்சு வாசிச்சதுன்னு சொன்னேன். கைதட்டினாங்க. ஒரு வயசான வெள்ளக்காரர் கிட்ட வந்து, ‘அந்த எடத்துல என் வெரல் வழுக்கிருச்சு’ன்னாரு. ரெக்கோர்டிங்ல வாசிச்சவரே அவருதான்.”

“ஏசினாரா?”

“இல்லக்கா. பக்கத்துல உக்காந்து, ‘இப்ப உன்னோடத வாசி’ன்னாரு. எனக்கு ஒண்ணுமே வரல. எந்திரிச்சு, சமைக்கிற குசினிப் பக்கம் போயிட்டேன்.”



“இன்னைக்கு லீவு போடேன்டா.”

“இன்னைக்கும் கேக்க வர்றேன்னு சொல்லி அனுப்பியிருக்காரு” என்றவன், ஹோட்டல் தெரிந்ததும் எழுந்துபோய், இறங்க மணியை அடித்தான்.