கைக்கெட்டும் சொம்பு

மாலைக்கேற்ற மார்பும் மார்புக்கேற்ற மீசையும் கொண்டு இந்த மேடையை நிறைத்து வீற்றிருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் நடேசன் அண்ணன் அவர்களே! ஓவர்டைம் முடித்த களைப்பிலும் ஓடோடி வந்திருக்கும் ஒரகடத்துத் தோழர்களே! நாற்காலிகளையெல்லாம் ஆண்களுக்கு விட்டுவிட்டுப் பந்தக்காலோரம் நின்றுகொண்டிருக்கும் தாய்மார்களே! கேபிள் டிவி எல்லப்பன் அண்ணே! அனைவருக்கும் வணக்கம்.

எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. நான் கார் கம்பெனியில் ரோபோ ரிப்பேர் பார்ப்பவன். பழுது எங்கேயோ அங்கே கை வைப்பதுதான் நான் படித்த இலக்கியம்.

இன்று ஏன் கூடியிருக்கிறோம்? குடிநீர் கேட்கவா? தெருவிளக்குக் கேட்கவா? இல்லை! ஆண்குலத்தின் மானம் காக்க! 'ஐயா வீட்டில் இருக்கிறார்' என்ற டிவி நகைச்சுவை நிகழ்ச்சி ஆண்களைக் கேலி செய்கிறதாம். போன ஞாயிறு அதில் வந்த நாடகத்தை எழுதியவர், வயரிங் பிரிவில் வேலை செய்யும் நம் தங்கை கங்கா. வரும் ஞாயிறு நடிக்கவும் அழைத்திருக்கிறார்கள். கங்கா போகக் கூடாது, எல்லப்பன் அந்தச் சேனலையே காட்டக் கூடாது என்பது தீர்மானம். ஆதரித்துப் பேச என்னைக் கூப்பிட்டார்கள். பேசத்தானே வேண்டும்? பேசுகிறேன்.

நாடகத்தில் அப்படி என்ன இருந்தது? ஒரு நாற்காலி. நாற்காலியில் ஐயா. ஐயாவின் முழங்கையருகே சொம்பு நிறையத் தண்ணீர். ஐயா அடுப்படியை நோக்கிக் கர்ஜிக்கிறார்: "ஏய், தண்ணி!" மனைவி மாவுக் கையோடு ஓடி வந்து, சொம்பை அரையடி நகர்த்திக் கொடுக்கிறார். "இவ்ளோ நேரமா?" என்கிறார் ஐயா. அவ்வளவுதான் கதை!

மறுநாள் எல்லப்பன் அண்ணன் கடையில் நடந்ததைக் கேளுங்கள். முதலில் ராஜசேகர் அண்ணன் வந்தார்.

"எவன்டா என் வூட்டுக் கதைய டிவிக்காரன்கிட்ட சொன்னது?"

அவர் இறங்கிய படியில் ஜெபக்குமார் ஏறினார்.

"நாற்காலிகூட எங்க வூட்டு நாற்காலிதாம்பா!"

மூன்றாவதாக வந்தவர் பெயரைச் சொல்ல மாட்டேன். இப்போது அவர் கழுத்தில் மாலை இருக்கிறது.

எல்லப்பன் அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னாங்கடா இது, ஒரு சொம்புக்கு எத்தினி ஓனரு?"

ஒரே அச்சில் வார்த்த பாகங்கள் எல்லாம் ஒரே இடத்தில் விரிசல் விட்டால், பழுது பாகத்திலா, அச்சிலா?

கங்காவையே கேட்டேன், யார் வீட்டைப் பார்த்து எழுதினாய் என்று. "நான் யார் வூட்டுக்கும் போவலண்ணா. கம்பெனி பஸ்ல கடைசி சீட்ல இவங்களே பேசிக்கினு வருவாங்க. 'பக்கத்துலயே இருந்தாலும் நான் சொம்ப தொட மாட்டேன், அவதான் வந்து குடுக்கணும்'னு. கேட்டத எழுதினேன்."

பஸ்ஸில் சொன்னால் பெருமை, டிவியில் காட்டினால் அவமானமா? கடைசி சீட்டில் வீரம், திரையில் வந்தால் அவதூறா? சொன்ன வாய் உங்கள் வாய்! சிரித்த சிரிப்பு உங்கள் சிரிப்பு! தட்டிய தொடையும் உங்கள் தொடை!

யாரது, காசிராஜன் அண்ணனா? என்ன சொல்கிறீர்கள்? "இன்னா தம்பி, பொம்பளைங்களுக்கு சொம்பு தூக்குறியா?"

அண்ணே, யாராவது ஒருத்தர் தூக்கித்தானே ஆகணும்? நீங்கதான் தொடவே மாட்டேங்கிறீங்களே!

கார் பூட்டும் நம் லைனில் தலைக்கு மேலே ஒரு கயிறு தொங்குகிறது. பழுதைக் கண்டவர் யாரானாலும் இழுக்கலாம். இழுத்தால் லைன் நிற்கும். இழுத்தவரிடம் "காரை அவமதித்துவிட்டாய்" என்று எந்த சூப்பர்வைசராவது சண்டைக்குப் போனதுண்டா? கங்கா இழுத்தது அந்தக் கயிற்றை. நீங்களோ பழுதை விட்டுவிட்டுக் கயிற்றை அறுக்கக் கூடியிருக்கிறீர்கள்!

சரி, ஓட்டெடுப்புக்கு வருவோம். பாதிக்கப்பட்டவரே புகார் சொல்ல வேண்டும் என்பது நம் சங்க வழக்கம். ஆகவே, "அந்த ஐயா நான்தான்" என்பவர்கள் தாய்மார்கள் பார்க்கக் கை தூக்குங்கள்.

ராஜசேகர் அண்ணே? ஜெபக்குமார்? ஒருவருமில்லையா?

ஆகா, தலைவர் கை எழுகிறது! என்ன அண்ணே... தண்ணியா?

தலைவர் வீட்டு மரகதம் அக்கா, பந்தக்காலை விட்டு நகராதீங்க! சொம்பு அண்ணன் முழங்கைகிட்டதான் இருக்கு.

பார்க்கிறோம்... கை நீள்கிறது... எடுத்துவிட்டார்! குடித்துவிட்டார்! உயிரோடும் இருக்கிறார்!

தலைவரே, தீர்மானம்? வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டார். தோற்றது!

தங்கை கங்கா, ஞாயிற்றுக்கிழமை தைரியமாகப் போய் வா. எல்லப்பன் அண்ணே, சத்தத்தைக் கூட்டி வையுங்கள். கால் கடுக்க நின்று கேட்ட தாய்மார்களுக்கு நன்றி. கை தூக்காமல் மானம் காத்த ஆண்குலத்துக்கு இரட்டை நன்றி. வணக்கம்!