நிற்கத் தரை இல்லாத ஊருக்கு

மேடையில் இருக்கும் பெரியவர்களே, ஆய்வுக்கூடத் தோழர்களே, பிள்ளைகளை இங்கே வேலைக்கு அனுப்பிவிட்டு வீட்டில் நகம் கடிக்கும் என் போன்ற பெற்றோர்களே, வணக்கம்.

நான் சைக்கிள் கடைக்காரன். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டபோது வாத்தியார்கள் சந்தோஷமாக வழியனுப்பினார்கள். இந்த இரங்கல் கூட்டத்தில் குடும்பங்கள் சார்பில் ஒருவர் பேச வேண்டும் என்றதும் மற்ற அப்பாக்கள் எல்லாரும் செல்போனைப் பார்த்தார்கள். நான் மாட்டிக்கொண்டேன்.

யுரேனஸிலும் நெப்டியூனிலும் மனிதன் குடியேற முடியுமா? இந்த ஒரு கேள்விக்குத் தன் ஆயுளையே கொடுத்தவர் நம் பேராசிரியர்! என் மகள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வீட்டுக்கே வந்தார்.

"அங்க வீடு கட்ட இடம் கிடைக்குமா மேடம்?" என்று கேட்டேன்.

"தரையே கிடையாதுங்க. மேகத்துக்குக் கீழ மேகம்தான். ரொம்பக் கீழ போனா அழுத்தம் நசுக்கிடும்."

"அப்ப எங்க நிப்பாங்க?"

"பெரிய பலூன்ல வீட்டைத் தொங்கவிட்டு மிதக்கணும். பலூனைச் சூடாவே வெச்சிருக்கணும். ஆறிட்டா இறங்கிடும்."

"இவருக்கு டீயையே சூடா வெச்சிருக்கத் தெரியாது. இவரைக் கூட்டிட்டுப் போயிடாதீங்க!" என்றாள் என் மனைவி. பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நம்ம காலத்துல நடக்குமா?"

"நடக்காதுங்க. பேரப்பிள்ளைங்க காலத்துலயாவது நடக்குமான்னு எனக்கே தெரியலை."

சொந்தக் கனவைப் பற்றி இப்படி உண்மை பேச எத்தனை பேரால் முடியும்? எத்தனை பேரால் முடியும்!

போய்ச் சேரவே பல வருடம். அத்தனை காலம் மனிதன் அடைபட்டு வாழ முடியுமா என்று பார்க்கத்தான் பின்பக்க மைதானத்தில் அந்த மூடிய கூடத்தைக் கட்டினார். அடுத்த வாரம் கதவு மூடினால் இரண்டு வருடம் திறக்காது. உள்ளே போகிறவர்களில் என் மகளும் ஒருத்தி. "நான் கூட இருக்கேன்ல, பாத்துக்கறேன்" என்றவர் பேராசிரியர். அவரைத் தூக்கத்திலேயே மாரடைப்பு கொண்டுபோய்விட்டதே! இனி யார் பார்த்துக்கொள்வார்கள்?

அவர் இடத்தில் இனி தலைமை என் மகளுக்காம். நேற்று சாப்பிடும்போது சொன்னாள்.

"வேண்டாம்மா."

"நான் போகலைன்னா கதவை மூட மாட்டாங்கப்பா. அவங்க கட்டினது அப்படியே கிடக்கும்."

"கிடக்கட்டுமே!"

தட்டைத் தள்ளி வைத்தாள். "நீங்க சரின்னு சொன்னாத்தான் போவேன்."

மறைக்காமல் சொல்கிறேன். இன்று 'அனுப்ப மாட்டேன்' என்று சொல்லத்தான் கிளம்பி வந்தேன். வாசலில் பேராசிரியரின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். இதோ, முன்வரிசையில் இருக்கிறார். "நானும் என் பொண்ணைத் தடுக்கணும்னு தினம் நினைப்பேன் தம்பி. வாய் வராது. தடுத்திருந்தா என் பயம் போயிருக்கும், அவளும் எங்கயோ சும்மா உட்கார்ந்திருப்பா" என்றார். பெற்ற மகளைப் பறிகொடுத்தவர் சொல்கிறார்!

எல்லாரும் இங்கே அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி எடுத்தீர்கள். எனக்கு அதற்கு மூளை போதாது. பேராசிரியருக்கு என் அஞ்சலி இவ்வளவுதான்:

மகளே, சரி. போய் வா. உள்ளே இருக்கிற வேலையை நீ பார். வெளியே பயந்துகொண்டிருக்கிற வேலையை நானும் இந்தப் பெரியவரும் பார்த்துக்கொள்கிறோம். அதில் எங்களை மிஞ்ச இந்த அரங்கில் ஆள் கிடையாது.