முதல் கரண்டி

செவந்தி: பானையைத் தூக்க முடியலக்கா. என்ன இது, பிடி அரிசியா மூட்டை அரிசியா?

பிரகதாம்பாள்: ஒன் கையில தெம்பு இல்ல. குடுத்ததை வாங்கிக்கிட்டுப் போடி. வெள்ளிக்கிழமையும் அதுவுமா வாசல்ல நின்னு வழக்காடிக்கிட்டு...

செவந்தி: இல்லக்கா, ஒலை வைக்கிறப்ப ஒரு பிடி எடுத்துப் பானையில போட்டு வையுங்க, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க சோத்துக்கு ஆகும்னுதான சொன்னாங்க. ஒரு பிடி ஒரு பிடியாப் போட்டா வாரத்துக்கு இம்புட்டு வருமா?

பிரகதாம்பாள்: எங்க வீட்டுல கை பெருசு.

செவந்தி: யாரு கை? ஒங்க கையா? கண்ணாடி வளையலு மொழங்கை வரைக்கும் ஏறுது, கை பெருசாம்!

பிரகதாம்பாள்: வாயி... வாயி. சமையக்காரியா ஆனதுலேருந்து ஒனக்கு வாயும் வளந்துபோச்சு. மத்த வீட்டுல எல்லாம் வாங்கிட்டியா?

செவந்தி: வாங்கியாச்சு. பானையெல்லாம் தெருமொனையில வண்டியில இருக்கு. மில்லுக்காரரு வீட்டு அரிசியை மட்டும் ஒரு கை அள்ளி முந்தானையில முடிஞ்சு வச்சிருக்கேன். இந்தா, பாருங்க.

பிரகதாம்பாள்: அட... குருணை. கல்லும் உமியுமால்ல கெடக்கு.

செவந்தி: கோழிக்குப் போடுறதைக் குடுத்துருக்கு அந்தம்மா. மாடி கட்டியாச்சு, ரேடியோப் பொட்டி பாடுது, அடுத்து காரு வரப்போகுதாம். கை மட்டும் விரிய மாட்டேங்குது. பத்து வருசத்துக்கு முந்தி இந்த உடையப்பன் கடலை மூட்டை வண்டிக்குப் பின்னாடி ஓடிக்கிட்டுத் திரிஞ்ச ஆளு. ஒங்க வீட்டு ஐயா அப்பச் சமஸ்தானத்துக் கச்சேரி ஆபீசுல தலப்பாக் கட்டிக்கிட்டு ஒக்காந்துருந்தாங்க. ஒரு மனு எழுதித் தாங்கன்னு ஒங்க வாசல்ல வந்து...

பிரகதாம்பாள்: அதெல்லாம் எதுக்கு இப்ப? சமஸ்தானமும் போச்சு, கச்சேரியும் போச்சு. வேலை கெடச்சவங்க திருச்சிக்குப் போனாங்க, கெடைக்காதவங்க ஆலங்குடியில கெடக்குறோம். இப்ப உடையப்பன் மில்லுலதான இவரு கணக்கு எழுதுறாரு. மெதுவாப் பேசு. தெருவுல ஆளு போகுது.

செவந்தி: நான் மெதுவாத்தான் பேசுறேன். நீங்கதான் நிமிசத்துக்கு ஒரு தரம் தெருவை எட்டிப் பாக்குறீங்க.

பிரகதாம்பாள்: அவரு வர்ற நேரம். நீ கெளம்பு.

செவந்தி: கெளம்புறேன். ஒரு விசயம் சொல்லிட்டு...

பிரகதாம்பாள்: அடுத்த வெள்ளிக்கிழமை சொல்லு.

செவந்தி: அதுக்குள்ள திங்கக்கிழமை வந்துருமேக்கா.

பிரகதாம்பாள்: வந்தா வரட்டும். வாரா வாரம் வர்றதுதான.

செவந்தி: இந்தத் திங்கக்கிழமை திருச்சியிலேருந்து ஆபீசர் வாராரு. மத்தியானச் சோறு போடுறதைப் பாக்க.

பிரகதாம்பாள்: அதான் ஊரே பேசுதே. தோரணமெல்லாம் கட்டுறாங்களாம்? ஒனக்குப் புதுச் சேலை உண்டா?

செவந்தி: வெளையாடாதீங்கக்கா. ஒங்க பொண்ணுங்க எங்க?

பிரகதாம்பாள்: செங்கமலமும் அமராவதியும் கெணத்தடியில தண்ணி எறைக்குதுங்க. எதுக்கு?

செவந்தி: அதுக காதுல விழ வேண்டாம். அக்கா... நான் ஒண்ணு பண்ணிட்டேன். தப்பா சரியான்னு தெரியல. அதுக ரெண்டும் இப்ப மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வர்றதில்லைல்ல...

பிரகதாம்பாள்: மத்தியானத்துல தையல் கிளாசு. பெரியவ சொன்னா.

செவந்தி: தையலும் இல்ல, ஒண்ணும் இல்ல. அதுக ரெண்டும் வந்து...

பிரகதாம்பாள்: தெரியும்.

செவந்தி: என்ன தெரியும்?

பிரகதாம்பாள்: ஆடி மாசத்துலேருந்து தையல் படிக்கிறாளுக, இன்னைக்கு வரைக்கும் ஒருத்திக்கும் ஊசியில நூலு கோக்கத் தெரியல. பாவாடையில மட்டும் பூசணிக்கா சாம்பாரு வாசம். சாயங்காலம் வந்தா அடுப்பங்கரைப் பக்கம் எட்டிக்கூடப் பாக்குறதில்ல. வயிறு நெறஞ்ச பிள்ளை எப்படி நடக்கும்னு பெத்தவளுக்குத் தெரியாதா?

செவந்தி: தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?

பிரகதாம்பாள்: என்ன செய்யச் சொல்ற? திங்காதீங்கடின்னு சொல்லிட்டு, வீட்டுல என்னத்தைப் போட? நீர்மோரா? ...ஒன் மேல எனக்குக் கோவமே இல்ல செவந்தி. நீ நல்லா இருக்கணும்.

செவந்தி: நானாப் போடலக்கா. எட்மாஸ்டர்தான் கூப்பிட்டு, "இந்த ரெண்டு பொண்ணுகளுக்கும் வெறகு ரூமுல எலையைப் போட்டுச் சோறு வை, வெளிய மூச்சு விடாதே"ன்னாரு. மத்த பிள்ளைங்களுக்கும் தெரியாது. ...அப்ப இந்தப் பானை?

பிரகதாம்பாள்: எந்தப் பானை?

செவந்தி: மழுப்பாதீங்க. அதுக திங்கிற சோத்துக்கு நீங்க அரிசி குடுக்குறீங்க. அதானே?

பிரகதாம்பாள்: ஓசிச் சோறுன்னு நாளைக்கு எவளும் என் பிள்ளைங்களை ஒரு வார்த்தை சொல்லிறக் கூடாது. வீட்டுல அதுக பங்கு எதுவோ அது பானைக்குப் போகுது. அம்புட்டுதான்.

செவந்தி: அதுக பங்கு மட்டும்னா பானை இப்படிக் கனக்காதே. நீங்க மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?

பிரகதாம்பாள்: அது... அப்பவே ஆச்சு.

செவந்தி: என்ன ஆச்சு?

பிரகதாம்பாள்: செவந்தி. போதும்.

செவந்தி: என் பிள்ளையும் அந்த வரிசையிலதான் திங்குது. எனக்கு வெக்கமில்ல. குருணையைக் குடுக்க உடையப்பன் வீட்டுக்கும் வெக்கமில்ல. நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறது நீங்கதான்க்கா.

பிரகதாம்பாள்: முழிச்சுக்கிட்டே இருக்கேன், போ. நீ திங்கக்கிழமைக் கதையைச் சொல்லு. சீக்கிரம்.

செவந்தி: அன்னைக்குச் சாப்பிடுற பிள்ளைங்க எல்லாத்தையும் வேப்பமரத்தடியில ஒரே வரிசையா ஒக்கார வைக்கணுமாம். ஆபீசர் தலையை எண்ணுவாரு. வெறகு ரூமுல யாரையும் வைக்க முடியாது.

பிரகதாம்பாள்: ரெண்டு பேருக்கும் காய்ச்சல். முடிஞ்சுபோச்சு.

செவந்தி: முடியலையே. எண்ணுன தலைக்குத்தான் மேலேருந்து பணம் வரும். அன்னைக்கு இல்லாத பிள்ளைக்கு மறுநாள்லேருந்து சோறு கெடையாதுன்னு எட்மாஸ்டர் சொல்லிட்டாரு.

பிரகதாம்பாள்: சரி. ஒக்காரட்டும். ஊரு பாத்தாப் பாக்கட்டும், நாலு நாள் பேசிட்டு ஓயட்டும். சோறு நிக்கக் கூடாது. இவரு காதுக்குப் போகாமப் பாத்துக்கிட்டாப் போதும். மில்லை விட்டு இவரு அங்கிட்டு வர மாட்டாரு.

செவந்தி: அங்கதானக்கா வந்து இடிக்குது.

பிரகதாம்பாள்: எங்க இடிக்குது?

செவந்தி: போன வாரம் வரைக்கும் எந்த வீட்டுப் பிடி அரிசி ஜாஸ்தியோ, அந்த வீட்டுக்காரரு கையாலதான் அன்னைக்கு மொதக் கரண்டி போடணும்னு கமிட்டியில முடிவு பண்ணிட்டாங்க. மில்லுக்காரரு வீட்டம்மா தங்க வீட்டுக்குத்தான்னு பட்டுச்சேலையெல்லாம் எடுத்து வச்சிருச்சு. ஆனா...

பிரகதாம்பாள்: அய்யய்யோ.

செவந்தி: ஆமா. ஒங்க பானைதான்.

பிரகதாம்பாள்: அடிப்பாவி! நீ கொஞ்சம் கொறச்சுச் சொல்லியிருக்கக் கூடாதா?

செவந்தி: நானா அளந்தேன்? ஒவ்வொரு வீட்டுப் பானையையும் வாத்தியாருங்க அளந்துட்டுத்தான கொட்டுறாங்க. "சமஸ்தானத்து வீடுன்னா சமஸ்தானத்து வீடுதான்யா"ன்னு எல்லாரும் கையைத் தட்டுனாங்க.

பிரகதாம்பாள்: நானே... என் கையாலயே அள்ளி அள்ளிப் போட்டு... இவரு கரண்டியைத் தூக்கிக்கிட்டு வரிசையில வருவாரு. குனிஞ்சு பாத்தா எலைக்கு முன்னாடி நம்ம வீட்டுப் பொண்ணுங்க. தாங்க மாட்டாருடி அந்த மனுசன். மில்லுல அடுத்தவன் காசுல ஒரு டீ குடிக்க மாட்டாரு. கிழிஞ்ச கோட்டைத் தச்சு, இஸ்திரிப் பொட்டி போட்டு மாட்டிக்கிட்டுப் போறவரு...

செவந்தி: இன்னைக்கே சொல்லிட்டா என்னக்கா?

பிரகதாம்பாள்: எப்படிச் சொல்ல? "ஒங்க சம்பாத்தியம் பத்தலை, பிள்ளைங்க தருமச் சோறு திங்குது"ன்னா? அந்த வார்த்தை என் வாயிலேருந்து வந்துறக் கூடாதுன்னுதான்டி இத்தனை நாளா...

செவந்தி: அக்கா, ஐயா வர்றாங்க.

பிரகதாம்பாள்: கண்ணைத் தொடைச்சுக்க. பானையைத் தூக்கு, தூக்கு.

ஆத்மநாதன்: யாரு, செவந்தியா? பானை நெறஞ்சிருக்கா? பலே! திங்கக்கிழமை விசயத்தைச் சொன்னியா இவகிட்ட?

பிரகதாம்பாள்: என்ன விசயம்... இப்பத்தான் ஏதோ சொல்ல வந்தா.

ஆத்மநாதன்: நம்ம வீட்டுக்குத்தான் மொதக் கரண்டி. உடையப்பனே எந்திரிச்சு என் மேசைக்கு வந்து சொன்னாரு. மூஞ்சிதான் சரியில்ல. "எங்களது நயம் அரிசி, அளவுலதான் கொறஞ்சுபோச்சு"ங்கிறாரு.

செவந்தி: நயம் அரிசியா? என் முந்தானையில முடிஞ்சிருக்கேன், அவுத்துக் காட்டவா?

ஆத்மநாதன்: அவுக்காதே, அவுக்காதே. அரை நாள் லீவு குடுத்துருக்காரு, அதைக் கெடுத்துறாதே. பிரகதா, அந்தக் கறுப்புக் கோட்டை எடுத்து வை.

பிரகதாம்பாள்: என்னங்க... போய்த்தான் ஆகணுமா?

ஆத்மநாதன்: ஏன்?

பிரகதாம்பாள்: ஒங்களுக்கு வெயிலு ஒத்துக்காது. போன வாரம்கூட தலை சுத்துதுன்னீங்க.

ஆத்மநாதன்: அது மில்லுப் புழுதியில. இது வேப்பமரத்து நெழலு.

பிரகதாம்பாள்: குனிஞ்சு குனிஞ்சு போடணும். ஒங்க முதுகு...

செவந்தி: ஆமாங்கய்யா, சோத்து வாளி வேற கனக்கும். ஆபீசர் முன்னாடி ஒரு கரண்டி போட்டுட்டு நீங்க பாட்டுக்குக் கெளம்பிருங்க. மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்.

ஆத்மநாதன்: அதெப்படி? ஒரு பிள்ளைக்குப் போட்டுட்டு மத்ததை விட்டுட்டு வர்றதா? கடைசி எலை வரைக்கும் நாந்தான் போடுவேன்னு சொல்லிட்டேன்.

பிரகதாம்பாள்: கடைசி எலை வரைக்குமா?

ஆத்மநாதன்: ஏன் ரெண்டு பேருக்கும் இப்படி வேத்து ஊத்துது?

பிரகதாம்பாள்: வேண்டாங்க. நான் சொல்றேன், வேண்டாம். உடையப்பனே போடட்டும். அந்தம்மா பாவம், பட்டுச்சேலையெல்லாம்...

ஆத்மநாதன்: பிரகதா.

பிரகதாம்பாள்: எனக்காகங்க. காரணம் மட்டும் கேக்காதீங்க.

ஆத்மநாதன்: நான் எங்க கேட்டேன்? கெணத்தடியில தண்ணி எறைக்குதே ரெண்டு காரணம், அதானே?

செவந்தி: ஐயா, எட்மாஸ்டரைக் கோவிச்சுக்காதீங்க. அவரு ஏதோ மனசு எரங்கி...

ஆத்மநாதன்: எங்க வீட்டு அடுப்பு எரியுதா அணைஞ்சிருக்கான்னு எட்மாஸ்டருக்கு எப்படித் தெரியும் செவந்தி? ஆடி மாசம் அவரு வீட்டு வாசல்ல போய் நின்னது நாந்தான். வெளிய தெரியாம வைங்கன்னு கேட்டேன். இவளுக்குத் தெரிஞ்சா உசுரை விட்டுருவாளேன்னு பயம்.

பிரகதாம்பாள்: நீங்களா? நீங்களா போய்க் கேட்டீங்க?

ஆத்மநாதன்: பானையில விழுறது யாரு சோறுன்னும் தெரியும். ஒன் தட்டைப் பாக்காத மாதிரி பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்...

பிரகதாம்பாள்: அப்புறம் ஏங்க அந்த வரிசைக்கு முன்னாடி போய் நிக்கிறீங்க? ஊரு பாக்குமே, உடையப்பன் பாப்பாரே. எனக்கு வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?

ஆத்மநாதன்: சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்புறம் யோசிச்சுப் பாத்தேன்... கரண்டி என் கையில இருந்தா, நம்ம பிள்ளைங்க எலையில இன்னொரு கரண்டி சேத்துப் போடலாம்ல.