ரெண்டு ஹெல்மெட்

மகள்: மலைக்குப் போற டயர்னு மட்டும் சொன்னாப் போதுமாப்பா? அவர் கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க.

அப்பா: சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன். மலைதான். மலையை விட்டா வேற எங்க போறேன் நான்?

டயர்காரர்: சார், நான் கேட்டது ஒரே கேள்வி. நூறு கிலோமீட்டர் ஓட்டினீங்கன்னா அதுல தார் ரோடு எவ்ளோ, மண் ரோடு எவ்ளோ?

அப்பா: அரைக்கு அரை போட்டுக்கோங்க.

டயர்காரர்: எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. இந்த மாதிரி பெரிய பைக் வெச்சிருக்கிறவங்க ஒருத்தர் கூட இந்தக் கேள்விக்கு உண்மை சொன்னதில்ல. வீட்டுக்கும் ஆபீசுக்கும் போய்ட்டு வர்றவரு, பாலைவனத்துக்குக் கிளம்புற மாதிரி டயர் கேப்பாரு.

மகள்: எங்கப்பா அப்படி இல்லண்ணா. நிஜமாவே போறாரு. ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமை ஆனா விடியறதுக்குள்ள கிளம்பிடுறாரு. அறுபத்தொரு வயசு. தன்னந்தனியா. இருநூத்தம்பது கிலோ வண்டி…

அப்பா: இருநூத்தி முப்பத்தெட்டு.

மகள்: ஆமா, அந்தப் பன்னெண்டு கிலோ குறைஞ்சதால மேல விழுந்தா வலிக்காது பாருங்க!

டயர்காரர்: ஏன், ஏதாவது ஆச்சா?

மகள்: போன மாசம் பேன்ட் பூரா சேறோட வந்தாரு. முழங்கை தேய்ஞ்சு ரத்தம். கேட்டா, டீக்கடைப் படியில வழுக்கிட்டேங்கிறாரு.

அப்பா: வழுக்கினதுதான்.

மகள்: நான் ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிற வேலையில இருக்கேண்ணா. வாரத்துக்கு நாலு பேராவது வண்டியில விழுந்து வர்றாங்க. படத்தை வெளிச்சத்துல தூக்கிப் பிடிக்கிறப்போ, அடுத்தது இவரு எலும்பா இருக்குமோன்னுதான் எனக்கு முதல்ல தோணும். அதான் வீட்ல ஒரு பேச்சு பேசியாச்சு. நீங்க வண்டியப் பாருங்க. இவரு இதை ஓட்டலாம்னு சொன்னீங்கன்னா நல்ல டயராப் போட்டுக்கிட்டு ஓட்டட்டும். வேணாம்னா வண்டியை வித்துடணும்.

டயர்காரர்: அய்யய்யோ! என்னை எதுக்கு நாட்டாமை ஆக்குறீங்க?

மகள்: என் பேச்சைத்தான் காதுல போட்டுக்க மாட்டேங்கிறாரே. வண்டி விஷயத்துல நீங்க சொன்னா கேப்பாராம். இன்னிக்கே தெரிஞ்சாகணும்.

அப்பா: அப்படி என்ன தலைபோற அவசரம்? காலையிலேருந்து இன்னிக்கே இன்னிக்கேன்னு…

மகள்: சும்மாதான். நீங்க பேச்சை மாத்தாதீங்க.

டயர்காரர்: சரி, பின் சக்கரத்தைக் கழட்டியாச்சு. ரெண்டு பேரும் இப்படி வாங்க. தங்கச்சி, இந்த ஓரத்தைத் தொட்டுப் பாருங்க.

மகள்: என்ன இது… முடி மாதிரி குத்துது?

டயர்காரர்: ரப்பர் முடி. புது டயர்ல இருக்கும். வளைவுல வண்டி சாஞ்சா ஓரம் தரையில உரசும், அன்னிக்கே இது உதிர்ந்துடும். இங்க பாருங்க, ரெண்டு வருஷமா ஒரு முடி கூடக் கொட்டல.

மகள்: எங்கப்பா தலையில கூட இவ்ளோ மிச்சமில்ல.

அப்பா: ஏய்…

டயர்காரர்: ஆனா நடுவைப் பாருங்க. பலகை மாதிரி சப்பையாயிடுச்சு. நேர் ரோட்டுலயே ஓடின டயர் சார் இது. மலை வளைவுன்னா என்னன்னே இதுக்குத் தெரியாது.

மகள்: அப்பா?

அப்பா: நான்… மெதுவாப் போவேன். சாய்க்காம.

மகள்: சாய்க்காம எப்படித் திரும்புவீங்க? ஒவ்வொரு வளைவுலயும் இறங்கித் தள்ளிக்கிட்டா?

அப்பா: முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தவன் நான். மேல போறதும் கீழ வர்றதும்தான் பழக்கம்.

டயர்காரர்: இன்னொண்ணும் இருக்கு… சொல்லலாமான்னு தெரியல.

அப்பா: சொல்ல வேணாம்.

மகள்: சொல்லுங்கண்ணா.

டயர்காரர்: தனியா ஓட்டுறவங்க டயர் நடுவுல ரெண்டு விரல் அகலத்துக்குத் தேயும். இது நாலு விரலுக்குத் தேஞ்சிருக்கு. பின்னாடி நல்ல எடை ஏறியிருக்கு. அதுக்கேத்த காத்தும் வெக்கல.

அப்பா: பெட்டி! ரெண்டு பக்கமும் பெட்டி மாட்டுவேன்ல. தண்ணி, மழைக்கோட்டு, பஞ்சர் சாமான்…

மகள்: அந்தப் பெட்டி ரெண்டும் வீட்ல பரண் மேல கிடக்கு. பழைய போர்வையெல்லாம் அதுலதான் திணிச்சு வெச்சிருக்கேன்.

டயர்காரர்: சாவி கொடுங்க சார். பின் ஸ்பிரிங்கை எந்த எடைக்கு வெச்சிருக்கீங்கன்னு மீட்டர்லயே காட்டும்.

அப்பா: பேட்டரி கொஞ்சம் வீக்கா இருக்கு, இப்போ வேணாம்…

மகள்: சாவி என்கிட்ட இருக்குண்ணா. இந்தாங்க.

டயர்காரர்: …ம்.

மகள்: இது என்ன படம்? ரெண்டு மண்டை மாதிரி…

டயர்காரர்: ஹெல்மெட். ஒரு ஹெல்மெட்னா ஒரு ஆள். ஹெல்மெட்டுக்குப் பக்கத்துல பை இருந்தா, ஒரு ஆளும் சாமானும். ரெண்டு ஹெல்மெட்னா…

மகள்: ரெண்டு ஆள்.

அப்பா: தானா மாறியிருக்கும். இந்தக் காலத்து வண்டியில எல்லாமே கம்ப்யூட்டர்தானே.

டயர்காரர்: கையால மாத்தினாத்தான் மாறும் சார். மன்னிச்சுக்கோங்க.

மகள்: யாருப்பா பின்னாடி?

அப்பா: யாருமில்ல. வழியில யாராவது லிஃப்ட் கேப்பாங்க…

மகள்: லிஃப்ட் வேலையிலேருந்து ரிட்டயர் ஆயிட்டீங்கன்னு நினைச்சேன்!

அப்பா: பாப்பா, கடையில வெச்சு என்ன பேச்சு இது? டயரைப் பத்திப் பேசுவோம். அந்தக் கட்டை கட்டையா, ஆழமா வெட்டின டயர் இருக்குல்ல? அதையே போடுங்க. நான் கிளம்புறேன்.

டயர்காரர்: போட மாட்டேன் சார்.

அப்பா: என்னது?

டயர்காரர்: இந்த வெட்டுக்குள்ள காஞ்சு கிடக்கே வெள்ளை மண்ணு, இது மலை மண்ணு இல்ல. நீர்த்தேக்கத்துக் கரையில இருக்கிற களிமண்ணு. நானும் ஒரு தடவை அதுல மாட்டி முழிச்சிருக்கேன். அங்க போகணும்னா ஹைவேயில நேரா ஓட்டணும். நீங்க கேக்குற டயர் மழையில ஈரத் தார்ல சரியாப் பிடிக்காது, பிரேக் அடிச்சா இழுத்துக்கிட்டுப் போகும். களிமண்ணுக்குப் போனா அந்தக் கட்டைக்கு நடுவுல மண்ணு அடைச்சுக்கும், அப்புறம் சோப்பு மேல ஓட்டுற மாதிரிதான். உங்க வீட்டு விஷயம் எனக்கு வேணாம், யாருன்னும் கேக்க மாட்டேன். ஆனா நீங்க சொல்ற பொய்க்கு நான் டயர் போட்டா, விழுறப்போ நிஜமா விழுவீங்க. நீங்க மட்டும் இல்ல, பின்னாடி இருக்கிறவங்களும்.

மகள்: அப்பா.

அப்பா: விழுந்தாச்சு.

மகள்: என்ன?

அப்பா: ஏற்கனவே விழுந்தாச்சு பாப்பா. போன மாசம். டீக்கடைப் படியில்ல. நீர்த்தேக்கத்துக் கரை ரோடு, கடைசி மூணு கிலோமீட்டர். முந்தின நாள் மழை. முன் சக்கரம் சட்டுனு வழுக்கிப் போயிடுச்சு. எனக்கு முழங்கையோட போச்சு. அவங்களுக்கு முட்டி வீங்கிடுச்சு. பத்து நாள் நொண்டிக்கிட்டே வேலைக்குப் போனாங்க. என்னை ஒரு வார்த்தை சொல்லல. எனக்குத்தான் சோறு இறங்கல. அடுத்த தடவை எலும்பு கிலும்பு உடைஞ்சுதுன்னா… வேணாம். எழுதிக்கோங்க, உள்ளதைச் சொல்லிடுறேன். தார் ரோடு எழுபது கிலோமீட்டர், ஒரே நேரா. களிமண்ணு மூணு கிலோமீட்டர். ரெண்டு பேர். நான் எழுபத்தெட்டு கிலோ, அவங்க அறுபத்தி நாலு. அப்புறம் ஒரு தொலைநோக்கி, அதுக்கு ஒரு முக்காலி.

மகள்: கிலோ கணக்கு வரைக்கும் தெரியுமா?

அப்பா: வண்டியை செட் பண்ணணுமே, அதான் கேட்டேன். முதல்ல அறுபதுன்னாங்க.

டயர்காரர்: பாருங்க, அவங்களும் உண்மை சொல்லல!

மகள்: தொலைநோக்கி எதுக்கு?

அப்பா: பறவை எண்ணுறதுக்கு. வாரம் பூரா ரத்தத்துல அணு எண்ணுறாங்க, ஞாயித்துக்கிழமை ஆனா பறவை எண்ணுறாங்க. அவங்க எண்ணிச் சொல்லச் சொல்ல நான் நோட்டுல கோடு போடுவேன். அவ்ளோதான் நம்ம வேலை.

மகள்: ரத்தத்துல… இருங்க இருங்க. நம்ம தெருமுனை லேப்ல ரத்தம் எடுப்பாங்களே, ஒல்லியா, பெரிய கண்ணாடி போட்டுக்கிட்டு…

அப்பா: ஒல்லியெல்லாம் இல்ல.

மகள்: ஊசி குத்துறப்போ "வலிக்காது… சரி, கொஞ்சம் வலிக்கும்"பாங்களே, அவங்களா?

அப்பா: அவங்கதான்.

மகள்: அடப்பாவி அப்பா! அதான் மூணு மாசத்துக்கு ஒரு தடவை பாக்க வேண்டிய சுகரை மாசத்துக்கு ரெண்டு தடவை பாத்தீங்களா? நான் வேற, எங்கப்பா மாதிரி உடம்பைப் பாத்துக்கிற ஆள் கிடையாதுன்னு ஆஸ்பத்திரி பூரா பெருமையடிச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்!

அப்பா: சுகர் கட்டுக்குள்ளதான் இருக்கு பாப்பா…

டயர்காரர்: நான் வேணா கொஞ்ச நேரம் வெளிய நிக்கட்டுமா?

அப்பா: ஐயோ, இருங்க! இவகிட்ட என்னைத் தனியா விட்டுட்டுப் போயிடாதீங்க.

மகள்: சிரிக்காதீங்கண்ணா. எனக்குக் கோவம்தான்.

அப்பா: தெரியும்மா. அதனாலதான் சொல்லல. உங்கம்மா இருந்த இடத்துல இன்னொருத்தரை…

மகள்: அதுக்கில்ல! அம்மா போய் எட்டு வருஷம் ஆச்சு. நீங்க ஒரு ஆள்கிட்ட மனசுவிட்டுப் பேசினா நான் என்ன, சாப்பிடாம கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்துப்பேனா? எனக்குக் கோவம் வேற. ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு மணி ஆனா போனைக் கையில வெச்சுக்கிட்டு வாசலுக்கும் உள்ளுக்குமா நடப்பேன். எந்தப் பள்ளத்துல கிடக்காரோ, யார் பாப்பாங்களோ, யார் தூக்குவாங்களோன்னு. ரெண்டு வருஷம்ப்பா. கூட ஒரு ஆள் இருக்காங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பாட்டுக்கு நிம்மதியாத் தூங்கியிருப்பேன்.

அப்பா: தப்புதான். பெரிய தப்பு.

மகள்: …முட்டிக்கு எக்ஸ்ரே எடுத்தாங்களா?

அப்பா: எங்க எடுத்தாங்க? உங்க ஆஸ்பத்திரிக்கு வந்தா உன் கண்ணுல படுவோமேன்னு வரவே இல்ல.

மகள்: நல்லா இருக்கு! நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. நானே எடுக்கிறேன்.

டயர்காரர்: நான் தீர்ப்பு சொல்லலாமா?

மகள்: சொல்லுங்கண்ணா.

டயர்காரர்: சார் தாராளமா ஓட்டலாம். இப்படி நேரா, நிதானமா ஓட்டின டயரை நான் பாத்ததே இல்ல. பின்னாடிக்கு எண்பதுக்கு இருபது டயர் போடுறேன், தாருக்கு எண்பது, மண்ணுக்கு இருபது, ரெண்டு பேர் எடையைத் தாங்குறது. தார்ல நல்லாப் பிடிக்கும், மழைத் தண்ணியை வெளிய தள்ளிடும். முன்னாடிக்கு மட்டும் கொஞ்சம் ஆழமா வெட்டினது. ரெண்டு பேர் போறப்போ பின்னாடி காத்து நாப்பத்திரண்டு, மறக்கக் கூடாது. ஆனா சார், அந்தக் கரை நனைஞ்சிருந்தா உலகத்துல எந்த டயரும் நிக்காது. அவங்க இறங்கி நடக்கட்டும்.

அப்பா: நான் சொன்னா இறங்க மாட்டாங்க. பறவை கிளம்பிடும்பாங்க.

மகள்: நான் சொல்றேன், இறங்குவாங்க.

அப்பா: நீ பேசுவியா அவங்ககிட்ட?

மகள்: பேசாம? எத்தனை தடவை எனக்கு ஊசி குத்தியிருக்காங்க. இப்போ என் முறை.

டயர்காரர்: டயரை எடுத்துட்டு வர்றேன். ரெண்டு நிமிஷம்.

மகள்: …வேற ஏதாவது சொல்லணுமாப்பா? இப்பவே சொல்லிடுங்க, வரிசையாத் திட்டிடுறேன்.

அப்பா: அம்மாவை நினைச்சு மட்டும் இல்ல பாப்பா நான் மறைச்சது. உன்னை நினைச்சும்தான். உனக்கு முப்பத்தொரு வயசு. யார் எங்க கூப்பிட்டாலும், அப்பா தனியா இருக்காருன்னு சொல்லியே நீ இந்த வீட்ல இருந்துட்ட. எனக்காக இருக்கிற பொண்ணுகிட்ட போய், எனக்குத் துணை கிடைச்சிடுச்சும்மான்னு எந்த வாயால சொல்றது? நீ இவ்ளோ நாள் இருந்தது வீண்னு சொன்ன மாதிரி ஆயிடும்ல?

மகள்: …

அப்பா: ஏன் அழற? இங்க பாரு… வண்டி வேணாம்னா வித்துடலாம். நான் பஸ்ல போயிக்கிறேன்.

மகள்: விக்க வேணாம். எதுக்கு விக்கச் சொன்னேன்னு தெரியுமா உங்களுக்கு?

அப்பா: நான் விழுந்துடுவேன்னு.

மகள்: நான் பக்கத்துல இல்லாதப்போ விழுந்துடுவீங்கன்னு.

அப்பா: நீ எங்க போகப் போற?

மகள்: வெளிநாட்டுல ஒரு பெரிய ஆஸ்பத்திரியில எனக்கு வேலை கிடைச்சு அஞ்சு மாசம் ஆச்சுப்பா. நீங்க தனியா இருப்பீங்கன்னு உங்ககிட்ட வாயே திறக்காம, ரெண்டு தடவை தேதியைத் தள்ளிப் போட்டேன். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள கடைசியா பதில் கேட்டிருக்காங்க… வர்றேன்னு சொல்லிடவாப்பா?