சொம்பு வச்ச துப்பாக்கி

இஸ்மாயில்: ...இது கீலா, கூத்தா? யாருப்பா இந்த வேலையப் பாத்தது?

விருமாண்டி: நாந்தேன் பாய். ஏன்?

இஸ்மாயில்: நீயா? மம்பட்டிக்குக் காம்பு போடுற கையாலயா?

விருமாண்டி: எல்லாத்துக்கும் ஒரே கைதேன். குழலு மடங்குற கீலு கெடந்து ஆடுச்சு. நிறுத்திருக்கேன். ஒங்க கடைக்கு நான் ரிப்பேருக்கு வரல. தோட்டா வாங்க வந்தேன். எம் பொண்டாட்டிதேன், வந்தது வந்தோம், துப்பாக்கிக்கார பாய்ட்ட ஒருக்கா காட்டிருவோம்னு உசுர எடுத்தா.

அழகம்மாள்: காட்டுனா என்ன, கொறஞ்சா போயிருவீக?

இஸ்மாயில்: நல்லவேளை காட்டச் சொன்ன தாயி. இல்லேன்னா அடுத்த தடவ மருதைக்கு வெள்ளச் சீலையோட வந்திருப்ப.

விருமாண்டி: வாய அளந்து பேசுங்க. பிடிச்சு ஆட்டிப் பாருங்க. ஒரு நூலு அசையுதா?

இஸ்மாயில்: அசையல.

விருமாண்டி: அப்புறம் என்ன?

இஸ்மாயில்: அதுதான் கோளாறே. ஆடுற துப்பாக்கி, நான் ஆடுறேன்டா, என்னத் தொடாதடான்னு சொல்லிரும். இது கமுக்கமா இருக்கு. கீலுக்குள்ள என்னத்த வச்ச?

விருமாண்டி: பித்தளை.

இஸ்மாயில்: ஏது?

அழகம்மாள்: எங்கம்மா சீருக்குக் குடுத்த சொம்பு பாய். வெட்டிட்டாரு.

இஸ்மாயில்: சொம்பா... தண்ணி மோக்குற சாமான வெடிக்கு முட்டுக் குடுத்திருக்க. இத செஞ்ச வெள்ளைக்காரன் பாத்தான்னா தொப்பியக் கழட்டிருவான்.

விருமாண்டி: சிரிக்காதீக. ராவும் பகலும் அரம் போட்டுருக்கேன். வெளக்குப் புகையில கீலக் காட்டி, மாட்டிக் கழட்டி, எங்க கரி அப்புதோ அங்கன மட்டும் தேச்சு...

இஸ்மாயில்: கரியா? அடுப்படி வேலைய எதுக்குப்பா துப்பாக்கியில பாக்குற?

அழகம்மாள்: சொம்ப விட்டு வச்சிருந்தா மோராச்சும் குடிச்சிருக்கலாம்.

விருமாண்டி: நீ ஒரு பக்கம் ஆரம்பிச்சுட்டியா. பாய், போன அறுப்புலருந்து இதுலதேன் சுடுறேன். மொசலு, காடை, கவுதாரி...

இஸ்மாயில்: காடைக்கு நிக்கும். காடைய ஊதுனாலே விழுந்துரும். இன்னைக்கு நீ கேக்குறது பெரிய குண்டுத் தோட்டால்ல. அது எதுக்கு?

விருமாண்டி: பன்னிக்கு. கடலக் காட்ட உழுது போடுது.

அழகம்மாள்: எத்தன காலுப் பன்னின்னும் சொல்லுங்க.

விருமாண்டி: ஏய்...

இஸ்மாயில்: என்ன தாயி சொல்ற?

அழகம்மாள்: ரெண்டு காலுப் பன்னி பாய். இவருகூடப் பெறந்தது. நல்லகாமன்னு பேரு.

விருமாண்டி: ஆமா, அவந்தேன். இப்ப என்ன? பொதுக் கெணத்துல எம் மொறை அன்னைக்கு மடைய அவன் வயலுக்குத் திருப்பிக்கிட்டான். கேக்கப் போனா, ஊரு கூடி நிக்கயில வெளக்கமாத்த வீசுறான் பாய். எம் மூஞ்சியில. அண்ணன் மூஞ்சியில. வர்ற வெள்ளிக்கெழம மறுபடி எம் மொறை. வரட்டும் மடைக்கு.

இஸ்மாயில்: வருவான். நீயும் துப்பாக்கிக் குதிரையத் தட்டுவ. புகை கலைஞ்சதும் அவன் நின்னுக்கிட்டு இருப்பான், நீ கெடப்ப.

விருமாண்டி: அதெப்படி?

இஸ்மாயில்: சொம்பு நசுங்கும். கீலு வாயப் பொளக்கும். குண்டு முன்னால போறதுக்குள்ள நெருப்பு பின்னால வந்துரும். ஒன் கண்ணு, கன்னமெல்லாம் மடையில மெதக்கும். ஒன் தம்பிதான் கூடையில அள்ளணும். அதுக்கும் வெளக்கமாறுதான் எடுப்பான்.

விருமாண்டி: சும்மா மெரட்டாதீக.

இஸ்மாயில்: பேரையூருக்குப் போ. அங்க ஒருத்தன் எந்தக் கையால சோறு பிசையுறான்னு பாத்துட்டு வா. அவனும் வீட்டுலதான் கீலு பாத்தான்.

விருமாண்டி: என்னத்த வச்சானாம்?

இஸ்மாயில்: எண்ணெ டின்னுத் தகரம்.

விருமாண்டி: தகரம் எங்க, பித்தளை எங்க. அவன் மடப்பய பாய்.

இஸ்மாயில்: அவனும் இப்படித்தான் சொன்னான், அவனுக்கு முன்னால கை போனவனப் பத்தி.

அழகம்மாள்: கேட்டுக்கங்க.

விருமாண்டி: ...சரி. அப்ப நீங்களே நல்ல கீலாப் போடுங்க. வெள்ளிக்கெழமைக்குள்ள வேணும்.

இஸ்மாயில்: கீலு மதராஸ்லருந்து வரணும். தை தாண்டிரும். வெள்ளிக்கெழமைக்கு வேணும்னா ஒனக்கு ஒரு மால வாங்கித் தாரேன்.

விருமாண்டி: அப்ப குடுங்க இப்படி. கொண்டு போறேன்.

இஸ்மாயில்: கொண்டு போ. இந்தா. நல்லா நெஞ்சோட சேத்துப் பிடி. தாயி, நீ கொஞ்சம் தள்ளி நில்லும்மா, ஒருத்தன் போறது போதும்.

விருமாண்டி: பாய்... இந்தாங்க, நீங்களே பிடிங்க. நெசமாத்தேன் கேக்குறேன். அம்புட்டு மோசமாவா பாத்திருக்கேன்?

இஸ்மாயில்: கடையில வச்சா என் பேரு கெட்டுரும்ப்பா. ஆனாலும் இங்கயே போட்டுட்டுப் போ. லைசென்ஸ் கட, பூட்டி வச்சிருக்க எனக்கு அனுமதி இருக்கு. தம்பி மேல உள்ள பிராத ஊருக் கூட்டத்துல வையி.

விருமாண்டி: ...வச்சுத் தொலைங்க. ஏ, வா. வண்டியப் பூட்டுறேன்.

அழகம்மாள்: நீங்க முன்னால போங்க. ஒரு வாய்த் தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு வாரேன்.

இஸ்மாயில்: ...தெருவத் தாண்டிட்டானா?

அழகம்மாள்: தாண்டிட்டாரு. பாய், அவருட்டப் பரவைச் சந்தைக்குப் போறேன்னு சொல்லிட்டு அன்னைக்கு வந்து ஒங்க கால்ல விழுந்தேன். சொன்னபடி ரெண்டு உசுரக் காப்பாத்திட்டீக. ஒங்க புள்ளகுட்டி நல்லா இருக்கணும்.

இஸ்மாயில்: இருக்கட்டும், இருக்கட்டும். கண்ணத் தொடச்சுக்க.

அழகம்மாள்: ஆனா அவரு மொகத்தப் பாத்தீகளா... சுண்டிப் போச்சு. நானும் சேந்துல்ல நக்கலடிச்சேன். வேலை முடிஞ்ச அன்னைக்கு, சின்னப்புள்ள மாதிரி, இந்தா பாரு அழகு, அசையுதா பாருன்னு எங்கிட்டத்தேன் மொதல்ல காட்டுனாரு. மனசு கேக்க மாட்டேங்குது பாய். உள்ளதச் சொல்லுங்க. அது அம்புட்டு மட்டமான வேலையா?

இஸ்மாயில்: நீ வந்து அழுத அன்னைக்கு நான் என்ன நெனச்சேன் தெரியுமா தாயி? சம்சாரி வீட்டுல தட்டுன கீலுதான, எப்படியும் ஓட்டையா இருக்கும், உள்ளதச் சொல்லியே வாங்கி வச்சுருவோம், பொய் சொல்ற பாவம்கூட இல்லேன்னு நெனச்சேன். இன்னைக்குக் கையில வாங்கி மடக்குனேன் பாரு, பொய்தான் சொல்லியாகணும்னு ஆகிப்போச்சு. அந்தச் சந்துல ஒரு மசிரு நொழையாது. எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்த எங்க அத்தா கையில கூட இப்படி ஒரு ஒட்டு நான் பாத்ததில்ல. எந்தத் தோட்டா போட்டாலும் ஒம் பேரன் காலம் வரைக்கும் இது அசையாதும்மா. வெள்ளிக்கெழம ஒங் கொழுந்தன் செத்திருப்பான்.