எட்டு மில்லிமீட்டர்

— லேசர் பல்ஸ் நாப்பது பைக்கோசெகண்ட் காட்டுது, ரேணுகா. ரெண்டுல நிக்கணும். விஜயதசமி லீவுன்னுகூடப் பாக்காம பத்து மணிக்குக் கமிட்டி வருது. நேத்து என்ன பண்ணித் தொலைச்ச?

— ஒண்ணும் பண்ணலைங்க, கீதாஞ்சலி மேடம். லேப் தொடச்சேன். மேசைக்காலுக்குப் பொட்டு வெச்சிட்டு நாலு மணி பஸ்ஸுக்குப் போய்ட்டேன்.

— மேசைக்காலுக்குப் பொட்டு. லென்ஸை விட்டு வெச்சியே, என் தலையெழுத்து அவ்வளவு நல்லா இருக்கு. புளி கொட்டையெடுக்கிற கையில ஃபைபரைக் குடுத்தா இதான் கதி.

— கொட்டையெடுத்த காசுலதாங்க டிப்ளமா படிச்சேன். அது கெடக்கட்டும். லேசர் ஒரே சீரா எரியுது. அதைத் துண்டு துண்டா வெட்டுற மாடுலேட்டர் ரெண்டும் ஓடுது. ஃபைபர்ல போனா துண்டு சுருங்கணும். இப்ப நீண்டுக்கினு போவுது.

— எனக்கே பாடமா? டாக்டர் பட்டம் நீ வாங்கினியா, நான் வாங்கினேனா?

— ரெண்டு மாடுலேட்டருக்கும் சிக்னல் சேந்தாப்ல போவணும். ஒண்ணு பிந்தினா தப்பான எடத்துல வெட்டும், ஃபைபர் சுருக்காம இழுத்துடும். கேபிள் எட்டு மில்லிமீட்டர் கூடினாப் போதும்.

— உளறாதே. எல்லாம் ஒரே பெட்டியில வந்த கேபிள். சாமை குத்திட்டு இருந்தவங்களை வேலைக்கு வெக்காதீங்கன்னு அன்னிக்கே சொன்னேன். உன் கான்ட்ராக்டை முடிக்கச் சொல்லி டைரக்டருக்கு மெயில் போட்டாச்சு. அவரும் சரின்னுட்டாரு.

— எனக்கும் காப்பி வந்துச்சு, பாத்தேங்க. இதை நம்பித்தான் எம் பொண்ணை வேலூர் ஹாஸ்டல்ல சேத்தேன் மேடம்.

— அதை வெளிய போய்ப் பேசு. கமிட்டி ஆலங்காயம் தாண்டியாச்சு.

— இப்ப மாட்டியிருக்கற கேபிள் பழசைவிட எட்டு மில்லிமீட்டர் நீளங்க.

— அளந்தியா?

— ரெண்டு வாட்டி.

— சரி, சரி. பழசைக் கொண்டாந்து மாட்டு. பேசிட்டு நிக்காதே.

— எங்க இருக்குன்னு கேக்கலையே நீங்க.

— ரேணுகா, நேரம் ஆகுது.

— ராசியான கேபிள்னு நேத்து ராத்திரி நீங்களே கழட்டி சரஸ்வதி படத்துக்கு முன்னாடி வெச்சிருக்கீங்க. புனர்பூஜை ஆவாம யாரும் தொடக்கூடாதுன்னு உங்க கையெழுத்துல சீட்டு வேற. அதான் தொடாம, ஸ்கேலைப் பக்கத்துல வெச்சு அளந்தேன்.

— நான் சொல்றேன்ல, எடு. மெயிலை அப்புறம் பாத்துக்கலாம்.

— வேலையில இல்லாதவ சாமி பொருள்ல கை வெக்கலாங்களா? நீங்களே எடுத்து மாட்டுங்க.