கொடிமேட்டில் நாளைக் காலை

மேடையை அலங்கரிக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, அவருக்கு இரு பக்கமும் வீற்றிருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் என் மகளுக்கு ஒப்பானவளே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கிற உறவுகளே, உள்ளே வர இடமின்றி ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்கிறவர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்தச் செருப்புத் தைக்கிறவனின் வணக்கம்.

எனக்கு எழுத்து வாசனை கிடையாது. அதனால் கையில் காகிதம் இல்லை. இந்தக் கூட்டத்தை நடத்துகிற தம்பி சற்று முன் என் காதருகே குனிந்து, "ரெண்டே ரெண்டு வார்த்தை பேசிட்டு உக்காந்துருங்க தாத்தா" என்றார். இரண்டு வார்த்தையில் அடங்குகிற மனிதரா போயிருக்கிறார்? தம்பி, நீங்கள் உட்காருங்கள். நான் நிற்கிறேன்.

போயிருப்பவர் யார்? பீரங்கி வைத்திருந்தவர்களுக்கும் மேலே ஒரு சிவப்புத் துணியை வைத்திருந்தவர் போயிருக்கிறார். பட்டாளத்தான் ஒருவன்கூட அவர் உத்தரவில்லாமல் குண்டு போட முடியாது என்ற நிலையில் இருந்தவர் போயிருக்கிறார். சட்டையில் ஒரு பட்டைகூட இல்லாமல் 'ஜெனரல்' என்று பெயர் வாங்கிய நம் கொடிமேட்டு ஜெனரல் போயிருக்கிறார்!

இளையவர்களுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரியாது. சொல்கிறேன்.

இந்த ஊர் முதலில் ஊர் இல்லை. பொட்டல். அங்கே பட்டாளம் வந்து கூடாரம் அடித்தது. கூடாரம் கொட்டகை ஆயிற்று. கொட்டகை கட்டடம் ஆயிற்று. கட்டடத்தைச் சுற்றிச் சுவர் எழுந்தது. சுவருக்கு வெளியே நாம் வந்து ஒட்டிக்கொண்டோம். சட்டை தைக்க ஒருவர், துணி வெளுக்க ஒருவர், முடி வெட்ட ஒருவர், பால் ஊற்ற ஒருவர், பூட்ஸ் தைக்க நான். காவல் வாசலுக்கு எதிரே, காவலாளியின் நிழல் விழுகிற இடத்தில்தான் என் பெட்டி. முகாமின் ஊதுகொம்புதான் நமக்குக் கடிகாரம். அது ஊதினால் அவர்கள் அணிவகுப்பார்கள். நம் வீட்டுப் பெண்கள் உலை வைப்பார்கள். இப்போது நாம் அழுதுகொண்டிருக்கிற இந்த மண்டபம் அவர்களுடைய உணவுக்கூடம். அதோ அந்தத் தூணில்தான் சமையல்காரன் கரண்டியைத் தட்டுவான்.

முகாமுக்குப் பின்னால் பெரிய மைதானம். குண்டு போட்டுப் பழகுகிற இடம். மைதானத்துக்கு மேலே மேடு, மேட்டில் கம்பம். கம்பத்தில் சிவப்புக் கொடி ஏறினால் மனிதனோ மாடோ மைதானத்தில் கால் வைக்கக் கூடாது. இறங்கினால் போகலாம். அந்தக் கொடியை ஏற்ற முகாம் ஊர்க்காரர் ஒருவரை வேலைக்கு வைத்தது. அவர்தான் இவர். மேட்டிலிருந்து சுற்றிலும் பார்ப்பார். ஓர் ஆடு தெரிந்தாலும் கொடி ஏறாது, கொடி ஏறாமல் சுடவும் முடியாது. கீழே பீரங்கியோடு காத்திருக்கிற அதிகாரி பல்லைக் கடிப்பார். ஒருநாள் ஓர் அதிகாரி மேடேறி வந்து, "யோவ், ஒரு ஆட்டுக்காக ஒரு படையே நிக்குது, தெரியுதா?" என்று கத்தினார். இவர் நிதானமாக, "படை நிக்கும் சார். ஆட்டுக்கு நிக்கத் தெரியாது" என்றார். அன்று மாலை உணவுக்கூடத்தில் சிப்பாய்கள் எல்லோரும் எழுந்து நின்று இவருக்கு சல்யூட் வைத்தார்கள். அன்றிலிருந்து ஜெனரல்!

கொடி ஏற்றுவது அவர் வேலையில் பாதி. மறுபாதியை நீங்கள் அறிய வேண்டும். போடுகிற குண்டெல்லாம் வெடிக்காது. சில குண்டு விழும். புகை வராது, சத்தம் வராது, மண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அதற்கு முகாமில் 'ஊமை' என்று பெயர். ஜெனரல் மேலே இருந்து ஊமை விழுந்த இடத்தைக் கண்ணால் பிடித்து வைத்துக்கொள்வார். சுட்டு முடிந்ததும் சுண்ணாம்பு அடித்த வெள்ளைக் கல் ஒன்றைத் தூக்கிப் போய் அந்த இடத்தில் வைப்பார். பிறகு விவரம் தெரிந்த சிப்பாய்கள் வந்து அதைத் தோண்டி வெடிக்கச் செய்வார்கள். வேலை முடிந்தால் கல்லை எடுத்துவிடுவார். அப்படியென்றால் மைதானத்தில் நிற்கிற ஒவ்வொரு வெள்ளைக் கல்லுக்கும் என்ன அர்த்தம்? அடியில் ஒன்று இன்னும் படுத்திருக்கிறது என்று அர்த்தம். மழைக்காலத்தில் சேற்றில் இறங்கியதையெல்லாம், "வெயில் வரட்டும், பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டார்கள். வெயில் வந்தது, போனது. கல் பெருகியது.

பிறகு முகாமை மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. மூடுவதற்கு முன் மிகப் பெரிய அதிகாரி ஒருவர் பார்வையிட வருகிறார் என்றார்கள். பட்டாளத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. பெரியவர் வருகிறார் என்றால் அசையாத பொருளுக்கெல்லாம் வெள்ளை அடிப்பார்கள். புதிதாக வந்திருந்த முகாம் அதிகாரி, "வாசலிலிருந்து அணிவகுப்பு மைதானம் வரைக்கும் ரெண்டு பக்கமும் வெள்ளைக் கல் நிக்கணும்" என்று உத்தரவு போட்டார். அவ்வளவு கல்லுக்கு எங்கே போவது? விவரம் தெரிந்த பழைய சிப்பாய்கள் முன்பே மாற்றலாகிப் போயிருந்தார்கள். புதுச் சிப்பாய்களும் நம் ஊர்க்காரர்களும் சேர்ந்து தேடினார்கள். பின் மைதானத்தைப் பார்த்தார்கள். ஏற்கெனவே வெள்ளை அடித்த கல்! எடுக்க ஆளில்லாமல் கிடக்கிறது! மேட்டிலும் கொடி இல்லை. கொடி இல்லையென்றால் போகலாம் என்பதுதானே நமக்குத் தெரிந்த சட்டம்? கூடை கூடையாகப் பொறுக்கிக் கொண்டுவந்தார்கள்.

கொடி ஏன் இல்லை? ஏற்றுகிறவர் ஊரில் இல்லை. அவர் மனைவிக்குப் பிரசவம். அதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாளே, இவள் பிறந்த வேளை அது.

அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதுதான், ஐயா, நமக்கு வந்த கேடு! ஒருவன் கால் போயிருந்தால் ஊர் நம்பியிருக்கும்.

ஜெனரல் திரும்பி வந்தபோது நான் பெட்டியருகே உட்கார்ந்திருந்தேன். முகமெல்லாம் சிரிப்பு. எதிரே வந்த தையல்காரர், "என்ன ஜெனரல், பொண்ணா பையனா?" என்றார். "பொண்ணு! என்னைவிடப் பெரிய குரல்!" என்று சொல்லிக்கொண்டே வாசலுக்குள் காலை வைத்தவர் அப்படியே நின்றார். சாலையின் இரு பக்கமும் பளீரென்று வெள்ளைக் கல். குனிந்து ஒரு கல்லைத் தொட்டார். இன்னொன்றைத் தொட்டார். "இது எங்கேருந்து எடுத்தீங்க?" என்றார். தையல்காரர் பெருமையோடு, "எல்லாம் உங்க வயல்ல விளைஞ்சதுதான். நான் மட்டும் ரெண்டு கூடை தூக்குனேன்!" என்றார்.

ஒரு மனிதனின் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை நான் அன்று பார்த்தேன். பிறகு எத்தனையோ சாவு பார்த்துவிட்டேன். அந்த முகத்தைப் பார்க்கவில்லை.

நேராக அதிகாரியிடம் ஓடினார். அந்த அதிகாரியின் காலுக்குப் பூட்ஸ் அளவு எடுக்கிற சாக்கில் நானும் பின்னாலேயே போனேன். பார்வையிடல் முடியட்டும் என்றார் அதிகாரி. அதுவும் முடிந்தது. மறுபடி போனார். அதே அறை, அதே நாற்காலி. தைத்த பூட்ஸை மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் அதிகாரி. ஜன்னல் வழியே மைதானத்தைக் காட்டி, "எங்கய்யா இருக்கு? அடையாளம் இருந்தாதானே தோண்ட முடியும்? ஒரு கல்லும் இல்லையே. மைதானம் சுத்தமா இருக்கு" என்றார். என் காதால் கேட்டேன். மைதானம் சுத்தம்! பட்டாளம் போகும்போது விட்டுப்போன காகிதமும் அதைத்தான் சொல்கிறது. நம் தலைவர் சற்று முன் உயர்த்திக் காட்டினாரே, அதே காகிதம். எனக்குப் படிக்கத் தெரியாது, தலைவரே. மண்ணுக்கும் தெரியாது. அதற்கு யார் படித்துக் காட்டினீர்கள்?

இதை நான் அன்றே ஊரில் சொன்னேன். "ஊர்ச் செருப்பெல்லாம் தைக்கிறான், இவன் வாயைத் தைக்கத்தான் ஆளில்லை" என்று சிரித்தார்கள்.

ஜெனரல் முதலில் கல்லை மறுபடி வைக்கப் பார்த்தார். சில கற்களைக் கொண்டுபோய் வைத்தார். ஒருநாள் அவற்றையும் எடுத்துவிட்டுத் திரும்பி வந்து என் பெட்டியருகே உட்கார்ந்தார். "ஏண்டா எடுத்தே?" என்றேன். "எல்லா இடமும் ஞாபகம் இருக்குடா. ஆனா எல்லாம் ஞாபகம் இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் விட்ட இடத்துல ஒருத்தன் கல் இல்லைன்னு நம்பிக் கால் வெச்சா?" என்றார். மறுநாள் காலை மேட்டில் கொடி ஏறியது. பட்டாளம் போன பிறகு, சுட ஒருவரும் இல்லாத மைதானத்துக்கு, கொடி ஏறியது! அன்று ஏறிய கொடி அவர் நடக்க முடிந்தவரை தினமும் ஏறியது.

எத்தனை கேலி செய்தோம்! "யாரு சுடறா ஜெனரல்? பட்டாளம் போயிருச்சே!" என்போம். "பட்டாளம் போயிருச்சு. போட்டது போகலையே" என்பார். அந்தத் தையல்காரர் மட்டும் அதன்பிறகு கேலி செய்யவில்லை. வருஷம் தவறாமல், கேட்காமலே, புதுச் சிவப்புக் கொடி ஒன்று தைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. தையல்காரர் கண்ணை மூடிய பிறகு இந்தப் பெண் தைத்தாள்.

நம் பால்காரர் இங்கே இருக்கிறார், கோபித்துக்கொள்ளக் கூடாது. அவருடைய பசு கயிற்றை அறுத்துக்கொண்டு மைதானத்துக்குள் போன நாள் நினைவிருக்கிறதா? ஊரே அதிர்ந்ததே! ஜன்னல் கண்ணாடி விழுந்ததே! ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து என்ன சொன்னோம்? "இடி விழுந்துருச்சு" என்றோம். வானத்தில் ஒரு மேகம் உண்டா? அண்ணாந்து பார்த்தவர் உண்டா? மைதானம் மைதானமாக இருக்காமல் மனையாக வேண்டும் என்று நமக்கு ஆசை. அந்த ஆசைக்கு இடிதான் தோதாக இருந்தது. ஜெனரல் மட்டும் மேட்டில் நின்றபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது தலைவர் அவர்கள் நல்ல மனதோடு ஓர் அறிவிப்புச் செய்தார். அந்த மைதானத்தில் பள்ளிக்கூடம் வருகிறது. நாளைக் காலை அடித்தளம் தோண்டுகிறார்கள். அந்தப் பள்ளிக்கு நம் ஜெனரலின் பெயர். நீங்கள் கை தட்டினீர்கள். இரங்கல் கூட்டத்தில் கை தட்டக்கூடாது என்பதையும் மறந்து தட்டினீர்கள்! பள்ளிக்கூடம் வேண்டாம் என்று சொல்கிறவனா நான்? கைநாட்டு வைத்தே காலத்தைக் கழித்தவன். என் பேத்தி தினமும் பக்கத்து ஊருக்கு நடந்து போகிறாள். பள்ளி வரட்டும். அவர் பெயரையே வையுங்கள். ஆனால் எந்த மண்ணில் கால் வைக்காதே என்று அந்த மனிதன் ஆயுள் முழுதும் கொடி பிடித்தானோ, அந்த மண்ணில் பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டு அதற்கு அவன் பெயரை வைப்பது மரியாதையா? சொல்லுங்கள், மரியாதையா?

பின்னால் கதவோரம் ஒரு தம்பி நிற்கிறார். பொக்லைன் வண்டி ஓட்ட வந்திருக்கிறவர். நேற்று என்னிடம் செருப்புக்கு வார் போட வந்தார். "பெரியவரே, மேட்டுல சிவப்பா பறக்குதே, எந்தக் கட்சிக் கொடி?" என்றார். "உன் கட்சிதான் தம்பி. உயிரோட வீட்டுக்குப் போகணும்கிற கட்சி" என்றேன். சிரித்தார். இப்போது சிரிக்கவில்லை. தம்பி, நாளைக் காலை முதல் பல் மண்ணில் இறங்கும்போது அந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கப்போவது காகிதம் இல்லை. நீ.

ஜெனரலின் கடைசி நாட்களில் மருத்துவமனையில் பக்கத்தில் இருந்தேன். பேச்சு குழறிவிட்டது. ஒன்று மட்டும் தெளிவாகக் கேட்பார்: "கொடி ஏறிருச்சா?" மகள், "ஏறிருச்சுப்பா" என்பாள். பொய்யில்லை. ஏற்றிவிட்டுத்தான் வருவாள். அவர் உயிர் பிரிந்ததும், உடல்மேல் அந்தக் கொடியைப் போர்த்தலாம், பொருத்தமாக இருக்கும் என்றார்கள் பெரியவர்கள். இந்தப் பெண் கொடியை மார்போடு இறுக்கிக்கொண்டு, "இது அப்பாவோடது இல்ல, மேட்டோடது" என்றாள். தகப்பனைத் தூக்குவதற்கு முன் மேடேறி ஏற்றிவிட்டு வந்துதான் அழுதாள். அம்மா, உன் அப்பன் உனக்கு வைத்துவிட்டுப்போன சொத்து வேறு எதுவும் இல்லை. அதை நீ இறக்காதே.

உறவுகளே! பேசுகிறவர்கள் எல்லோரும் அவர் பணியைத் தொடர்வோம் என்றார்கள். நானும் சொல்கிறேன். எப்படித் தொடர்வேன் என்பதையும் சொல்கிறேன். நாளைக் காலை மேட்டில் கொடி ஏறும். இந்தப் பெண் ஏற்றுவாள். மேடேற என் முழங்காலுக்குத் தெம்பில்லை. ஆகவே என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு வண்டி போகிற வழியில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்திருப்பேன். தலைவரே, விவரம் தெரிந்தவர்களை வரவழையுங்கள். அந்த மண்ணைச் சாண் சாணாகத் துழாவி, இனி ஒன்றும் இல்லை என்று அவர்கள் அந்த மண்மேல் நின்றபடி சொல்லட்டும். அன்று நானே கொடியை இறக்கச் சொல்கிறேன். அதுவரை எழுந்திருக்க மாட்டேன்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். பட்டாளம் போனபின் சாலையோரம் நின்ற அந்தக் கற்களை நாம் ஆளுக்குக் கொஞ்சம் வீட்டுக்குத் தூக்கிப் போனோம். துணி துவைக்கிற இடத்தில் ஒன்று, செடிக்கு வரப்பாக நாலு, கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒன்று. அவற்றை நாளை கொண்டு வாருங்கள். எங்கே வைப்பது என்று கேட்பீர்கள். உள்ளே வைக்க முடியாது. அந்த இடங்களை அவர் தன்னோடு கொண்டுபோய்விட்டார். விளிம்பில் வையுங்கள். மைதானத்தைச் சுற்றி, ஒன்றை ஒன்று தொடுகிற மாதிரி வையுங்கள்.

இப்போது கலைந்து போகப் போகிறீர்கள். இந்த மண்டபத்து வாசல்படியின் இரு பக்கமும் நிற்கிற கற்களைப் பாருங்கள், நாம் வீட்டுக்குத் தூக்கிப் போனது போக மிஞ்சியவை. இந்தக் கூட்டத்துக்காக நேற்றுத்தான் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள், பளிச்சென்று இருக்கிறது. ஒவ்வொரு கல்லையும் தாண்டும்போது உங்களை நீங்களே ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போங்கள்:

இது எதன் தலைமேல் இருந்த கல்?